மேல்மடைக்கு நீர், கடைமடைக்குக் கழிவா?

கொங்குநாட்டில் நாலுபேர் கூடுமிடத்தில் இப்பொழுதெல்லாம் தவறாமல் எழும் பேச்சு ஒன்றுண்டு. "வரி கொடுப்பது நாம், வளம் பெறுவது சென்னை" என்பதே அது. நூலாலை உரிமையாளரும் சொல்கிறார். அவருடைய ஆலையில் இரவுமுறை பார்த்துவிட்டுத் தேநீர்க் கடையில் நிற்கும் தொழிலாளியும் சொல்கிறார். இக்குறை பொய்யன்று. முழு மெய்யுமன்று. அரைமெய்யைப்போல் ஒரு மக்களை ஏமாற்ற வல்லது வேறொன்றில்லை ஆகலின், அதனைப் பிரித்துப் பார்த்தல் நம் கடனாகின்றது.

மெய்யான பாதியை முதலிற் சொல்லிவிடுவோம். 1978-ஆம் ஆண்டிலேயே சென்னைப் பெருநகர்க்கெனக் குடிநீருக்கும் கழிவுநீருக்குமாக ஒரு தனி வாரியம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. நீர் கொணர்தல், குழாய் பதித்தல், கழிவுநீரை வாங்குதல், அதனைத் தூய்மைப்படுத்துதல், கட்டணம் பெறுதல் ஆகிய அனைத்தையும் ஆங்கு ஒரே கை செய்கின்றது. கோவைக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் அத்தகைய கை ஒன்றும் இல்லை. 1971-இல் தோன்றிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் திட்டத்தைக் கட்டும். கட்டி முடித்துத் திறவுகோலை உள்ளாட்சியிடம் தந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அதன்பின் போதிய பொறியாளரும் பணமும் இன்றி அவ்வுள்ளாட்சி படும் பாட்டை நாம் அறிவோம். கூவத்தைச் சீர்ப்படுத்த மட்டும் 600 கோடி உருபாவுக்கு மேல் ஒதுக்கினார்கள். (கூவம் இன்றும் கூவமாகவே உள்ளதென்பது வேறு செய்தி. பணம் மட்டுமே எந்த ஆற்றையும் கழுவியதில்லை.)

சென்னைக்கு மேலே தில்லி இருக்கின்றது. 2015-இல் நடுவணரசு கங்கைக்கென்றே 20,000 கோடி உருபாத் திட்டமொன்றுக்கு ஒப்புதல் தந்தது. அதற்கு இட்ட பெயர் 'நமாமி கங்கே'. 'கங்கையே, உன்னை வணங்குகின்றேன்' என்பது அதன் பொருள். வணங்கப்படுவது அவர்கள் ஆறு. வணக்கத்திற்கு ஆகும் செலவு மட்டும் அனைவர் வரிப்பணம்! கங்கை தூய்மையாவதில் நமக்குக் காழ்ப்பில்லை; ஆங்கு வாழ்வோரும் மக்களே. ஓர் ஆற்றுக்குத் தனித்திட்டம் வகுக்கத் தெரிந்த அரசுக்குக் காவிரியும் அதன் கிளைகளும் ஏன் கண்ணிற் படவில்லை என்பதே கேள்வி.

இன்னுமொன்று. 2025 நவம்பரில் கோவைக்கும் மதுரைக்கும் கேட்ட 'மெட்ரோ' தொடர்வண்டித் திட்டங்களைத் தில்லி திருப்பியனுப்பியது. 2017-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி 20 இலக்கம் மக்கள் வேண்டுமாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அத்துணை மக்கள் இங்கில்லையாம். அதே 2011 கணக்கில் கோவையையும் அதனை ஒட்டிய ஊர்களையும் சேர்த்தெண்ணிய நகர்த்தொகுதியின் தொகை 21 இலக்கத்திற்கு மேல்! எவரை உள்ளே சேர்த்தெண்ணுவது, எவரை வெளியே நிறுத்துவது என்பதைப் பொறுத்து ஒரு நகரம் பெரிதாகவும் சிறிதாகவும் ஆகின்றது. வண்டித்தடம் இக்கட்டுரைக்குப் பொருளன்று. ஆனால் இந்த எண்ணிக்கைத் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தில்லி நமக்குச் செய்ததை நாம் யாருக்குச் செய்கின்றோம் என்பதை இனிமேல்தான் பார்க்கப் போகின்றோம்.

மற்றைப் பாதிக்கு வருவோம்.

வெள்ளியங்கிரி என்று வழங்கும் வெள்ளிமலைச் சரிவில் ஊறி, பேரூரைக் கடந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நொய்யல் என்றே பெயர்பெற்ற ஊரில் காவிரியோடு கலக்கின்றது நம் ஆறு. காஞ்சி என்பது அதன் பழம்பெயர். ஆண்டு முழுதும் நீர் ஓடிய ஆறன்று அது. மலையில் மழை பெய்தால் சில நாள் பொங்கி வரும் காட்டாறே. அந்தச் சில நாள் நீரை ஆண்டு முழுதும் வைத்துண்ணும் அறிவு நம் முன்னோர்க்கு இருந்தது. சித்திரைச்சாவடியில் தொடங்கி ஓரணைக்கட்டின் பின் ஓரணைக்கட்டாகக் கட்டினர். ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் வாய்க்கால் பிரிந்து குளங்களை நிரப்பும். ஒரு குளம் நிறைந்தால் மிகுநீர் கீழ்க்குளத்திற்குப் போகும். அதுவும் நிறைந்தால் மீண்டும் ஆற்றிற்கே வரும். உக்கடம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று நீளும் அக்குளங்களின் வரிசை வெறும் நீர்ப்பாய்ச்சல் ஏற்பாடன்று. மேலூரான் தன் தேவைபோகக் கீழூரானுக்கு விடக் கடமைப்பட்டவன் என்பதை மண்ணில் வெட்டி வைத்த ஒழுங்கு.

பேரூர்த் தமிழ்க் கல்லூரியில் யான் பயின்ற நாள்களில் மாலைப்பொழுதில் ஆற்றங்கரைக்குச் செல்வோம். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். அற்றைநாளிலேயே ஆறு நலிந்திருந்தது. மழைக்காலம் தவிர மற்றைக் காலங்களில் மணலையே பார்ப்போம். ஆயினும் ஆறு என்னும் சொல்லை அதற்கு வழங்க எவரும் தயங்கியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில் 'எங்கள் ஊர் ஆறு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். சூலூருக்குக் கிழக்கேயிருந்து வரும் ஒரு சிறுமி இரண்டே வரி எழுதியிருந்தாள். "எங்கள் ஊரில் ஆறு இல்லை. பெரிய சாக்கடை ஒன்று உள்ளது" என்பன அவை. தலைப்பை விட்டு விலகினாள் என்று சிவப்பு மையாற் சுழித்தேன். பின்னர் அச்சுழியை யானே அடித்துவிட்டேன்.

சொல் மாறுவது சிறு செய்தியன்று. கொங்குநாட்டார் சிற்றோடையைப் 'பள்ளம்' என்பர். கோவை நகரின் ஊடே ஓடும் சங்கனூர்ப் பள்ளம் அத்தகையது. மழைநீரைச் சுமந்து சிங்காநல்லூர்ப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓடை. ஆங்கிலத்தில் எழுதப்படும் திட்டத்தாள்களில் அது வடிகாலாயிற்று. வடிகால் என்று எழுதிவிட்டபின் அதிற் கழிவை விடுவது குற்றமாகத் தோன்றுமா?

கழிவு எவ்வாறு ஆற்றுக்கு வருகின்றதென்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஈண்டுத்தான் நம்மவர் பலரும் கணக்கைத் தவறவிடுகின்றனர். கோவை மாநகர் குடிப்பது நொய்யல் நீரன்று. சிறுவாணியிலிருந்தும், பவானியின்மேல் கட்டிய பில்லூர் அணையிலிருந்தும் நீர் வருகின்றது. இரண்டும் பவானிப் படுகையைச் சேர்ந்தவை. மூன்றாம் பில்லூர்த் திட்டம் 2024-இல் திறக்கப்பட்டது, மக்கள் மகிழ்ந்தனர், யானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழையும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர் வைத்துள்ள பொதுக்கணக்கு. பவானியிலிருந்து நன்னீராக வாங்கிய நீரைக் கோவை நொய்யலிற் கழிவுநீராக விடுகின்றது. ஆகவே, கழிவுநீர்க் குழாய் இல்லாத பகுதிக்குப் புதிதாகக் குடிநீர் கொணர்வதென்பது, மேலிருப்பவனுக்கு நன்மையும் கீழிருப்பவனுக்கு அழுக்கும் சேர்ப்பிக்கும் திட்டமாகவே முடிகின்றது. குடிநீர்க் குழாயைத் திறந்துவைக்க அமைச்சர்கள் வருவார்கள். கழிவுநீர்க் குழாய்க்கு மாலை போட எவர் வருவார்? அது மண்ணுக்கடியிற் கிடப்பது, வாக்குத் தராதது.

2005 திசம்பரில் நடுவணரசு நேருவின் பெயரால் நகர்ப்புறப் புத்தமைப்புத் திட்டமொன்றைத் தொடங்கியபொழுது, தமிழ்நாட்டில் அதன் முதன்மைப் பட்டியலில் இடம்பெற்றவை சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்றே. திருப்பூரும் ஈரோடும் சேலமும் அதிலில்லை. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள நகருக்கு 377 கோடி உருபாவிற் புதைகுழாய்த் திட்டம். அதே ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள திருப்பூருக்கு அவ்வரிசையில் இடமில்லை. கோவைக்குக் கிடைத்ததாவது முழுமையாகப் பயன்பட்டதா? உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி இலிட்டர், ஒண்டிப்புதூரில் 6 கோடி, நஞ்சுண்டாபுரத்தில் 4 கோடி என்று மூன்று தூய்மைப்படுத்தும் நிலையங்கள் திட்டமிடப்பட்டன. நஞ்சுண்டாபுரத்தில் அப்பகுதி மக்களின் எதிர்ப்பால் வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. தம் வீட்டருகே அது வேண்டா என்று அவர்கள் சொன்னதற்காக அவர்களை யான் இகழமாட்டேன். ஊர்க்கழிவெல்லாம் தம் ஒருவர் வாசலுக்கே வருவதை எவர்தாம் விரும்புவர்? இதற்கிடையில் 2011-இல் மாநகராட்சியின் எல்லை விரிந்தது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி என்று பல ஊர்கள் உள்ளே வந்தன. 100 வட்டங்கள், 257 சதுர கிலோமீட்டர். புதிதாகச் சேர்ந்தவர்க்கு மாநகராட்சி வரி உடனே வந்தது. புதைகுழாய்க்கு மட்டும் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

2016 சனவரியில் 'சீர்மிகு நகர்' முதற்பட்டியலிற் கோவையும் இடம்பெற்றது. குளக்கரைகளெல்லாம் நடைபாதையும் விளக்கும் பெற்றன. மாலைநேரத்தில் வாலாங்குளக் கரையிற் குழந்தைகள் ஓடியாடுவதைக் காண எனக்கும் இனிமையாகவே உள்ளது. ஆயினும் நடைபாதை முந்திற்று. குளத்துக்குள் வரும் கழிவுநீரைத் தடுக்கும் வேலை பிந்திற்று. அக்கரைகளில் குடிசையிட்டு வாழ்ந்த ஏழையர் கீரணத்தத்திற்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பப்பட்டனர். நகரின் நடுவில் வீட்டுவேலையும் சுமைவேலையும் பார்த்தவர்கள் நகரின் விளிம்பிலிருந்து பேருந்துக் கட்டணம் செலவிட்டு அதே வேலைக்கு வருகின்றனர்.

இனி, வெள்ளலூர்.

தமிழர் வாணிக வரலாறு கற்றோர் இவ்வூரை அறிவர். நொய்யலின் தென்பாங்கரில், சேரநாட்டிலிருந்து கீழைக்கரைக்குச் செல்லும் பெருவழியிலே அமைந்த பழம்பேரூர். 19-ஆம் நூற்றாண்டில் இங்கு உரோம நாட்டு வெள்ளிக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் கடல்கடந்து வந்த செல்வத்தைத் தன் மண்ணில் வைத்துக் காத்த ஊர் அது. இன்று அவ்வூர்ப்பக்கம் குவிவது என்ன? ஏறத்தாழ 650 ஏக்கர் கொண்ட நிலத்தில் கோவை மாநகரின் குப்பை. நாளொன்றுக்கு ஆயிரம் டன் அளவில். கோடைவந்தால் குப்பைமேடு தீப்பற்றும். 2024 ஏப்பிரலில் பற்றிய தீ பலநாள் புகைந்தது. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குகள் சென்றன. பழங்குப்பையைக் கிளறிப் பிரித்தகற்றும் வேலை நடக்கின்றதென்பது உண்மையே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒருபுறம் பழங்குப்பையை அள்ள, மறுபுறம் புதுக்குப்பை வந்து விழுந்துகொண்டே இருந்தால் மேடு எப்பொழுது கரையும்?

மேலே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன எண்ணிக்கைத் தந்திரத்தை ஈண்டுப் பொருத்திப் பாருங்கள். 2011-இல் மாநகர எல்லையை விரித்தபொழுது வெள்ளலூர்ப் பேரூராட்சியை உள்ளே சேர்க்கவில்லை. அண்மைக் காலத்திற்றான் சேர்க்கும் பேச்சு எழுந்துள்ளது. நகரின் புகையை இத்தனை ஆண்டுகள் மூச்சிழுத்த அவ்வூரார்க்கு அந்நகரின் மேயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை இருந்ததில்லை. எண்ணும்பொழுது வெளியூர், கொட்டும்பொழுது உள்ளூர்! அப்பகுதிக்கென அறிவித்துத் தொடங்கிய ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் பாதிக் கட்டடத்தோடு நின்றுபோயிற்று. குப்பை வண்டி மட்டும் ஒருநாளும் நின்றதில்லை.

தில்லி சென்னையை நோக்கிச் சொல்வதும், சென்னை கோவையை நோக்கிச் சொல்வதும், கோவை வெள்ளலூரை நோக்கிச் சொல்வதும் ஒரே சொல்தான்: "நீ எங்கள் கணக்கில் இல்லை."

ஆற்றோடு இன்னும் கீழே போவோம். திருப்பூர் ஆண்டொன்றுக்கு 30,000 கோடி உருபாவுக்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர். அவ்வூரின் உழைப்பையும் துணிவையும் பாராட்டாதவன் தமிழனாகான். ஆனால் துணிக்கு நிறமூட்டிய நீர் எங்கே போயிற்று? பல்லாண்டுகள் அது நொய்யலிற் போயிற்று. நொய்யலின் குறுக்கே சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஓரணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்கு நீர் தருவதற்காக, உழவர் நெடுநாள் கேட்டுப் பெற்ற அணை. அதில் வந்து தேங்கியது சாயநீர். அணையைச் சூழ்ந்த கிணறுகள் உப்பேறின, நிலம் வெளுத்தது, தென்னை வாடியது, குடிநீரை விலைகொடுத்து வாங்கும் நிலை ஊர்களுக்கு வந்தது. அணை கட்டித் தாருங்கள் என்று கேட்ட அதே உழவர்கள், அணையில் நீரைத் தேக்காதீர்கள், மதகைத் திறந்தே வையுங்கள் என்று போராட நேர்ந்தது. நீருக்குத் தவங்கிடக்கும் கொங்குநாட்டு உழவன் வாயில் அச்சொல் வந்ததெனின், அவன் எத்துணை நொந்திருக்க வேண்டும்!

நொய்யலாற்று ஆயக்கட்டு உழவர்கள் 2003-இல் சென்னை உயர்முறைமன்றம் சென்றனர். சாயக்கழிவு ஒருதுளியும் வெளியேறாத முறையை ஆலைகள் மேற்கொள்ள வேண்டும் என்று 2006-இல் தீர்ப்பு வந்தது; 2009-இல் உச்சமுறைமன்றமும் அதனை உறுதி செய்தது. பின்னும் நிலைமை சீர்ப்படாமையால், 2011 சனவரியில் சாயப்பட்டறைகளையெல்லாம் மூட உயர்முறைமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அங்கு வேலைபார்த்தோர் தெருவில் நின்றனர். அவர்களும் நம் மக்களே. அவர்கள் வயிற்றில் ஈரத்துணி போட்டுத்தான் ஆறு தூய்மையாக வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அதே ஆண்டில் பொதுத் தூய்மைப்படுத்தும் நிலையங்களுக்கு 200 கோடி உருபாவை வட்டியின்றி அரசு கடனாகத் தந்தது. நன்று. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. கழிவுநீரைக் காய்ச்சி வடித்து மீண்டும் பயன்கொள்ளும் அருமுறையைத் திருப்பூரார் கற்றுக்கொண்டனர். இன்று அதனைப் பிற நாட்டார் வந்து காண்கின்றனர் எனில் அதன் தொடக்கம் உழவர் தொடுத்த வழக்கே.

ஆனால் அவ்வுழவர்க்கு என்ன கிடைத்தது? இழப்பை அளந்து ஈடு சொல்ல அமைந்த ஆணையம், 68 ஊர்களில் 28,596 உழவர்க்கு 24 கோடியே 80 இலக்கம் உருபா அளவில் இழப்பீடு வரையறுத்தது. கேட்பதற்குப் பெருந்தொகை. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஏறத்தாழ 8,700 உருபா. பத்து, பதினைந்து ஆண்டுகள் விளையாத நிலத்திற்கு, குடிக்கவாகாத கிணற்றுக்கு, மகளுக்குப் பெண்கேட்டு வரத் தயங்கிய ஊருக்கு 8,700 உருபா! இக்கணக்கை என் வகுப்பிற் பிள்ளைகளைப் போடச் சொன்னேன், ஒரு பையன் எழுந்து, "ஐயா, இது ஓராண்டுக்கா?" என்று கேட்டான்.

திருப்பூருக்கு நீர் வந்த கதையையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். பவானிக்கு அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18½ கோடி இலிட்டர் நீர் கொணர, 1,023 கோடி உருபாவில் அரசும் தனியாரும் கூடிய குழுமமொன்று அமைக்கப்பட்டது. இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவதென்று பெருமை பேசினார்கள். நீரிற் பெரும்பங்கு ஆலைகட்கு. அத்திட்டத்தின்கீழ் நகர்க்கழிவுநீரைத் தூய்மைப்படுத்த அமைந்த நிலையத்தின் அளவோ நாளொன்றுக்கு 1½ கோடி இலிட்டர். வருகின்ற நீருக்குப் பதினெட்டரை. போகின்ற நீருக்கு ஒன்றரை. நம் நகரங்கள் கட்டப்பட்டுள்ள முறையை இவ்விரண்டு எண்களுமே சொல்லிவிடுகின்றன.

இவற்றையெல்லாம் அறிந்துகொள்ளும் உரிமையாவது நமக்கு உண்டா? 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையை நடுவணரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகள் அனைத்திலும் வெளியிடுக என்று தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட்டபொழுது, அதனை எதிர்த்து நடுவணரசு உச்சமுறைமன்றத்திற்கே போயிற்று. மொழிபெயர்ப்பதற்கு எதிராக வழக்காடும் அரசு! தில்லியை விடுங்கள், நம் மாநகராட்சியின் புதைகுழாய்த் திட்ட அறிக்கை எம்மொழியில் உள்ளது? ஒண்டிப்புதூர்க்காரர் ஒருவர் தம் தெருக்கழிவு எந்நிலையத்திற்குப் போகின்றதென்று தமிழிற் படித்தறிய இயலுமா? தமிழை மேடையிற் போற்றுவார் பலர். சாக்கடைத் திட்டத்தைத் தமிழில் எழுதக் கேட்பார் சிலரே. யான் பின்னவரோடு நிற்கின்றேன்.

ஒரு கேட்டையும் சொல்லாமல் விடலாகாது. 2021 சூலையில், நடுவணமைச்சர் ஒருவரின் தற்குறிப்பில் 'கொங்குநாடு' என்றோர் ஊர்ப்பெயர் அச்சிடப்பட்டதை ஒட்டி, கொங்குநாட்டைத் தமிழ்நாட்டினின்று பிரிக்கும் பேச்சைச் சிலர் கிளப்பினர். அப்பேச்சு அடங்கிற்று; ஆனால் அது முளைத்த மண் அப்படியே உள்ளது. சென்னை நம்மைப் புறக்கணிக்கின்றது என்னும் மனக்குறைதான் அந்த மண். குறையைத் தீர்க்காமல் பிரிவினையை மட்டும் கண்டிப்பவர்கள் களையை நுனியிற் கிள்ளுகின்றார்கள். அதேவேளை, பிரிந்தால் ஆறு தூய்மையாகும் என்பவரை ஒன்று கேட்கின்றேன். வெள்ளலூரிற் குப்பை கொட்டுவது சென்னையா? ஒரத்துப்பாளையத்தை நிரப்பியது சென்னையா? கொங்குநாட்டான் கொங்குநாட்டானுக்குச் செய்த கொடுமைக்குச் சென்னையில் தீர்வும் இல்லை, தில்லியில் தீர்வும் இல்லை. தலைநகரைக் கோவைக்கு மாற்றினால் வெள்ளலூர்க்காரன் அன்றும் புகையைத்தான் மூச்சிழுப்பான்.

செய்ய வேண்டுவது என்ன? நீர்ப்பஞ்சத்தில் முறைவைத்துப் பாய்ச்சும் ஊர்களிற் சிலவற்றில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைமடைக்காரன் வயல் நனைந்தபிறகே மேல்மடைக்காரன் தன் மடையைத் திறப்பான். மேல்மடையானுக்கு எப்படியும் நீர் வந்துவிடும். கடைமடைக்கு வந்ததா என்று பார்த்தாற்றான் வாய்க்கால் முழுதும் ஒழுங்காக உள்ளதென்று பொருள். கழிவுக்கும் அக்கட்டுப்பாட்டையே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. நொய்யல் முழுமைக்கும், வெள்ளிமலை முதல் காவிரிக் கூடல் வரை, ஒரே வாரியம் வேண்டும். மாவட்ட எல்லையும் மாநகர எல்லையும் ஆற்றுக்குத் தெரியா. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானியிலிருந்து நொய்யல் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியபொழுது நீரின் போக்கை அளந்தானேயன்றி ஆட்சிப்பிரிவுகளை அளக்கவில்லை. அவ்வாரியத்தில் பாதிக்குக் குறையாத இடங்கள் கீழ்ப்பகுதி ஊராட்சிகளுக்கும் உழவர்க்கும் உரியனவாக வேண்டும். பணம் ஒதுக்கும்பொழுது ஒரத்துப்பாளையத்து மண்ணையும் கிணறுகளையும் மீட்பதற்கு முதலில் ஒதுக்க வேண்டும்; குளக்கரை விளக்குகள் அதன்பின் எரியட்டும். கழிவுநீர்க் குழாய் பதித்து முடியாத பகுதிக்குப் புதுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்படும் நாளிலேயே அக்குழாய்க்கும் நாள் குறிக்கப்பட வேண்டும். கோவையின் குப்பையை அதன் ஐந்து மண்டலங்களும் தத்தம் எல்லைக்குள்ளேயே பிரித்து முடிக்க வேண்டும். தன் குப்பையைத் தானே பார்த்து முகர்ந்தால் நகரம் அதனைக் குறைக்கக் கற்கும். வண்டியேறிக் கண்ணைவிட்டு மறையும் வரை கற்காது.

"இடம் எங்கே? செலவு யார் தருவார்?" என்று கேட்பர். கோவையிற் பெருங்கடைகளுக்கும் வண்டி நிறுத்தங்களுக்கும் இடம் கிடைக்கின்றது. ஒவ்வொரு மண்டலத்திலும் சில ஏக்கர் கிடைக்காதெனின், இடமில்லை என்பது பொருளன்று. அம்மண்டலத்தார் ஒப்பார் என்பதே பொருள். அவர்கள் ஒப்பாததை வெள்ளலூரான் மட்டும் ஏன் ஒப்ப வேண்டும்?

2027-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும் என்று அறிவித்துள்ளனர். 2011-க்குப் பின் கோவை, திருப்பூரைச் சுற்றி எழுந்த புறநகர்க் குடியிருப்புகள், வெளியூரிலிருந்து வந்து பின்னலாடை ஆலைகளில் உழைப்போர் தங்கும் வரிசை வீடுகள் ஆகிய அனைத்தும் இதுவரை எந்தத் திட்டத்தின் கணக்கிலும் ஏறாதவை. இம்முறையேனும் அவை முழுமையாக எண்ணப்படுகின்றனவா என்று அந்தந்த ஊர் அன்பர்கள் உடனிருந்து பார்க்க வேண்டும்.

அதுவரையிற் கோவையிலுள்ள நம் அன்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வட்ட உறுப்பினரிடம் இரண்டு வினாக்களை எழுதிக் கொடுக்கட்டும். என் வீட்டுக் கழிவுநீர் எந்நிலையத்திற் சென்று தூய்மையாகின்றது? என் வீட்டுக் குப்பை எவ்விடத்திற் பிரிக்கப்படுகின்றது? விடையைத் தமிழில், எழுத்தில், கையெழுத்தோடு கேட்டுப் பெறுக. விடை வந்தால் அதன் படியொன்றை வெள்ளலூர்ப் பேரூராட்சிக்கும், மற்றொன்றை ஒரத்துப்பாளையத்தைச் சூழ்ந்த ஊராட்சிகளுக்கும் அனுப்புக. வாராவிடில், வரவில்லை என்பதை எழுதியனுப்புக.